அறிவுக்கு வழி வகுத்த ரங்கநாதன்

ஒரு தேசத்தில் செல்வம் எவ்வளவு குவிந்திருந்தாலும், வேண்டியவன் வேண்டிய வேளையில் அதை எடுத்து அனுபவிக்க வழியில்லாவிட்டால் அது இல்லாததற்கே சமானம். களஞ்சியத்தில் நெல் நிறைந்திருக்க, ஊரார் பட்டினி கிடப்பதைக் கண்டால் நாம் ஆத்திரம் கொள்கிறோம். கல்விச் செல்வம் அதே கதியில் கிடப்பதைக் கண்டு மட்டும் நமக்கு ஆத்திரம் வருவதில்லை. இன்று இணையத்தில் கணிதம், ரசாயனம், வைத்தியம், விவசாயம், சட்டம் முதலிய சகல சாஸ்திரங்களுக்கும் பாடங்கள் விலையின்றிக் கிடக்கின்றன. ஆயினும் ஒரு கிராமத்து மாணவன் தனக்கு வேண்டிய பாடத்தைத் தமிழில் தேடினால், அவனுக்கு முதலில் அகப்படுவது அதிகம் பேர் பார்த்ததோ, விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தவன் முன்னே நிறுத்தியதோ ஆகும். அவனுடைய படிப்புக்கு ஏற்றது எங்கேயோ அடியில் கிடக்கும். அது இருப்பதையே அவன் அறியான்.

அறிவை எவ்வாறு வகுத்து வைத்தால் அது தேடுகிறவன் கைக்கு வந்து சேரும் என்ற கேள்வியை ஏறக்குறைய நூறு வருஷங்களுக்கு முன்னரே எடுத்துக்கொண்டு, அதற்கென்றே தம் ஆயுளைச் செலவிட்டவர் ஒரு தமிழர். சீர்காழி ராமாமிர்த ரங்கநாதன் என்பது அவர் பெயர். உலகத்து நூல் நிலையங்களிலெல்லாம் அறியப்பட்ட அப்பெயரை நம்மவரில் அநேகர் ஆகஸ்டு மாதத்தில் கொண்டாடும் நூலகர் தினத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தேச சேவையில் ஈடுபட்டிருப்பவர்கள் அவருடைய சரித்திரத்தைச் சற்று நிதானமாக அறிய வேண்டுமென்பது நம் விருப்பம்.

ஸ்ரீ ரங்கநாதன் 1892-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் தஞ்சை ஜில்லாவில் பிறந்தார். தந்தை ராமாமிர்த ஐயர் நிலபுலமுடையவர். ராமாயணப் பிரசங்கம் செய்வதில் ஈடுபாடு உள்ளவர். மகனுக்கு ஆறு வயதாகும்போதே அவர் காலமானார். பிள்ளை சீர்காழி ஹிந்து ஹைஸ்கூலில் படித்துத் தேறி, சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் சேர்ந்து, கணித சாஸ்திரத்தில் 1913-ல் பி.ஏ. பட்டமும் 1916-ல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். அங்கே அவருக்குக் கணிதம் போதித்த எட்வர்ட் ராஸ் என்னும் ஆசிரியரிடம் அவர் கொண்ட பக்தி ஆயுள் முழுவதும் நீடித்தது. சிறு வயது முதலே அவருக்குத் திக்குவாய் உண்டு. அக்குறையைப் பொருட்படுத்தாமல் அவர் உபாத்தியாயர் தொழிலையே விரும்பி ஏற்று, மங்களூரிலும் கோயமுத்தூரிலும் பிறகு சென்னை ராஜதானிக் கலாசாலையிலும் கணிதம் கற்பித்து நல்ல பெயர் எடுத்தார்.

1924-ம் வருஷ ஆரம்பத்தில் சென்னை சர்வகலாசாலையின் முதல் நூலகராக அவர் நியமிக்கப்பட்டார். மாணாக்கர் கூட்டத்தில் பழகிய மனிதருக்கு, வாசகர் எவரும் வராத அந்த அறைகளில் நாளெல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பது சிறைவாசம் போல் இருந்தது. பழைய உபாத்தியாயர் வேலையையே திருப்பித் தர வேண்டுமென்று அவர் மன்றாடினார். சீமைக்குப் போய் இந்தத் தொழிலைக் கற்று வரட்டும், அதன் பிறகும் பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம் என்று அவருக்குச் சமாதானம் சொல்லப்பட்டது. அரைமனதுடன் அவர் கப்பலேறினார்.

லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் நூல் நிலையக் கல்வி புகட்டிவந்த பெர்விக் ஸேயர்ஸ் என்பவர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். ஆங்கில நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட நூல் நிலையங்களை ரங்கநாதன் சுற்றிப் பார்த்தார். அங்கே கூலித் தொழிலாளியும், குழந்தைகளும், வீட்டுப் பெண்களும் தாராளமாக வந்து புஸ்தகம் எடுத்துச் செல்வதைக் கண்டபோது அவருடைய மனம் மாறியது. அந்நாட்டார் பெற்றிருக்கும் பலத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்றும், நம் தேசத்துக்கு இன்றியமையாத தொண்டு இதுவே என்றும் அவர் தெளிந்தார். 1925-ல் திரும்பி வந்தவர் மீண்டும் உபாத்தியாயர் வேலையைக் கேட்கவில்லை.

சீமையில் அவர் கண்ட நன்மைகளைப் போலவே ஒரு குறையும் அவர் கண்ணில் பட்டது. அக்காலத்தில் பெரும்பாலும் வழங்கிய புஸ்தகப் பாகுபாடு, அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-ல் வெளியிட்டது. சகல அறிவையும் பத்துப் பெருவகுப்புகளாக்கி, ஒவ்வொன்றையும் பப்பத்தாகப் பிரித்து இலக்கம் கொடுப்பது அவருடைய முறை. அது மிகவும் உபயோகமானதே. ஆனால் அறைகளை முன்கூட்டியே கட்டிவிட்டு, புஸ்தகங்களை அவற்றுக்குள் அடைப்பது போன்றது. கட்டியவர் எந்தத் தேசத்தவரோ அந்தத் தேசத்தின் பார்வையே அறைகளுக்கும் அமையும். மதங்களுக்கு ஒதுக்கிய நூறு எண்களில் பெரும்பகுதி கிறிஸ்தவத்துக்குப் போக, ஏனைய உலக மதங்கள் யாவும் 290 என்ற ஒரே மூலையில் நெருக்கியடிக்கப்பட்டன. இங்கிலீஷ், ஜெர்மன், பிரெஞ்சு முதலிய இலக்கியங்கள் தனித்தனிக் கூடம் பெற, ஈராயிரம் வருஷத் தமிழ் இலக்கியம் பிற இலக்கியங்கள் என்ற 890-ம் எண்ணின் கடைக்கோடியில் நின்றது. டூயி இதைத் துவேஷத்தால் செய்தார் என்று நாம் சொல்லவில்லை. அவருக்குத் தம் ஊர் நூல் நிலையம் உலகமாகத் தோன்றியது. வகுக்கிறவன் நாமாக இல்லாவிட்டால் நமக்குக் கிடைக்கும் இடம் எது என்பதற்கு இது நல்ல அத்தாட்சி.

லண்டனில் செல்ஃப்ரிட்ஜ் என்னும் பெரிய கடையில் ஒருநாள் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானை ரங்கநாதன் பார்த்தார். துளையிட்ட சில தகடுகள், கம்பிகள், சக்கரங்கள், திருகாணிகள், இவற்றைக் கொண்டு ஒரு முறை பாலம், மறுமுறை வண்டி, மற்றொரு முறை பளுதூக்கி என்று வெவ்வேறு உருவங்களை அமைத்துக் காட்டினார்கள். ஒவ்வொரு பொம்மைக்கும் தனி அச்சு வேண்டியதில்லை. சில உறுப்புகளும் அவற்றைப் பிணைக்கும் ஆணிகளும் இருந்தால் போதும். அறிவுத் துறைகளையும் இப்படியே உறுப்புகளாகப் பிரித்து, வேண்டியபடி பிணைத்துக்கொள்ளலாமே என்று அவருடைய கணித புத்திக்குப் பட்டது. உறுப்புகளைப் பிணைக்கும் ஆணியாக முக்காற்புள்ளியை வைத்துக்கொண்டார். தாயகம் திரும்பும் வழியில், கப்பலில் இருந்த புஸ்தகங்களின் மேலேயே அதைப் பரீட்சித்தார் என்பர். சென்னையில் பல வருஷம் பழக்கத்தில் வைத்துத் திருத்தி, 1933-ல் அதைக் கோலன் பாகுபாடு என்ற பெயரால் வெளியிட்டார்.

அதன் சூட்சுமத்தை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். தஞ்சை ஜில்லாவில் 1950-ல் நெற்பயிருக்கு வந்த நோயைத் தடுத்த முறை பற்றி ஒரு நூல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அறைகளைக் கட்டிவைக்கும் முறையில் இந்நூலை நெல் என்னும் அறையில் வைப்பதா, பயிர் நோய் என்னும் அறையில் வைப்பதா, தஞ்சை என்னும் அறையில் வைப்பதா என்று தகராறு வரும். எதில் வைத்தாலும் மற்ற இரண்டு வழியாகத் தேடி வருகிறவன் ஏமாந்து போவான். ரங்கநாதன் முறையில் அந்நூலின் விஷயத்தை முதலில் கூறுபடுத்த வேண்டும். விவசாயம் என்பது துறை, நெல் அதில் முதன்மையான பொருள், நோயும் தடுப்பும் வினையைச் சேர்ந்தவை, தஞ்சை இடம், 1950 காலம். ஒவ்வொரு கூறுக்கும் ஒரு குறி உண்டு. குறிகளை வரிசைப்படி கோத்தால் அந்நூலின் எண் தானே பிறக்கும். நாளைக்குக் கோதாவரி ஜில்லாவில் கரும்பு நோய் பற்றி ஒரு நூல் வெளிவந்தாலும் புதிய அறை கட்ட வேண்டியதில்லை. இருக்கும் குறிகளையே மாற்றிக் கோத்தால் போதும்.

எத்துறையை எடுத்துக்கொண்டாலும் இக்கூறுகள் யாவும் ஐந்து மூல வகைகளில் அடங்கும் என்று அவர் பின்னர் நிர்ணயித்தார். தனிப்பொருள், அதன் மூலப்பொருள், வினை, இடம், காலம் என்று அவற்றை நாம் தமிழில் சொல்லலாம். பெயர்ச்சொற்களைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று ஆறாக வகுத்த இலக்கணத்தைப் பள்ளியில் படித்த தமிழனுக்கு இந்த ஐந்தும் அந்நியமாகத் தோன்றமாட்டா. ரங்கநாதன் அங்கிருந்துதான் எடுத்தார் என்று சாதிக்க நாம் முன்வரவில்லை. ஆயினும் பொருள்களை நுணுகிப் பகுத்துப் பார்க்கும் பழக்கம் இந்நாட்டில் புதியதல்ல என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம்.

கூறுகளை எந்த வரிசையில் கோப்பது என்பதற்கும் அவர் ஒரு நியதி கண்டார். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்று நம் ஜனங்கள் சொல்லுவதையே அவர் ஒரு சாஸ்திர விதியாக்கினார். ஒன்று இல்லாமல் மற்றொன்றுக்கு அர்த்தமில்லையென்றால் முன்னது முன்னே வரவேண்டும். நோய் என்றால் எதற்கு நோய் என்று தெரிய வேண்டும். தடுப்பு என்றால் எதைத் தடுப்பது என்று தெரிய வேண்டும். இவ்வரிசைப்படி நூல்களை அடுக்கினால் தட்டின் முன் நிற்கும் வாசகனுக்கு ஓர் அநுகூலம் உண்டாகிறது. கிரகண காலத்தில் நடுவே கருநிழலும் அதைச் சுற்றி அரைநிழலும் விழுவது போல, அவன் நாடிவந்த விஷயம் நடுவிலும், அதற்கு நெருங்கிய விஷயங்கள் இரு பக்கத்திலும், சம்பந்தமற்றவை அவற்றுக்கு அப்பாலும் அமைகின்றன. தேடிய நூல் கிடைப்பதோடு, தேடத் தெரியாத நூலும் பக்கத்திலேயே கண்ணில் படுகிறது.

நிற்க. ஸ்ரீ ரங்கநாதன் எண்களை மாத்திரம் கட்டிக்கொண்டு அழுத பண்டிதரல்லர். நூல் நிலையத் தொழில் முழுவதையும் சில மூல விதிகளில் அடக்க வேண்டும் என்று அவர் தவித்துக்கொண்டிருந்த 1928-ம் வருஷத்தில், பழைய ஆசிரியர் ராஸ்தான் முதல் விதிக்கு அடி எடுத்துக் கொடுத்தார். அதிலிருந்து மற்றவை பிறந்து, 1931-ல் ஐந்து விதிகளாக நூல் வடிவம் பெற்றன. புஸ்தகத்தின் பயன் உபயோகத்தில் இருக்கிறது; எந்த வாசகனும் தனக்குரிய நூலைப் பெற வேண்டும்; எந்த நூலும் தனக்குரிய வாசகனைச் சேர வேண்டும்; வாசகனுடைய காலம் வீணாகக்கூடாது; நூல் நிலையம் ஜீவனுள்ள பிராணி போல வளர்ந்துகொண்டேயிருக்கும். இதுவே அவற்றின் சாரம். குழந்தைக்கும் புரியும் இவ்வார்த்தைகளில் பெரிய ராஜீயக் கொள்கை அடங்கியிருக்கிறது. எந்த வாசகனும் என்று சொன்னபோது, ஜாதி, ஆஸ்தி, ஆண், பெண் என்ற வித்தியாசங்களை அவர் ஒரே அடியில் தள்ளிவிட்டார். ஏடுகளைப் பட்டுத்துணியில் சுற்றிப் பூஜையில் வைத்து, பரணில் செல்லரிக்க விட்ட ஒரு நாட்டில், நூல் இருப்பது உபயோகிப்பதற்கே என்று சொல்வதும் ஒரு சீர்திருத்தமே.

சொன்னதை அவர் செய்தும் காட்டினார். 1928-ல் சென்னை நூல் நிலையச் சங்கம் நிறுவப்படுவதற்கு முன்னின்றார். 1929-ல் நூலகர்களுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1931-ல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புஸ்தகங்களை ஏற்றிச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பியபோது, அம்முயற்சிக்குத் தூண்டுகோலாயிருந்தவர் ரங்கநாதனே. 1936-ல் சர்வகலாசாலை நூல் நிலையம் கடற்கரையில் சொந்தக் கட்டடத்துக்குக் குடிபுகுந்தது. பூட்டிய அலமாரிகளுக்குப் பதிலாக, வாசகர்கள் தாங்களே தட்டுகளுக்கிடையே சென்று எடுத்துப் பார்க்கும் வழக்கத்தை அவர் நிலைநாட்டினார். இருபது வருஷ உத்தியோகத்தில் அவர் லீவு எடுத்தவரல்லர் என்று அவருடன் பழகியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

நூல் நிலையம் தனவந்தரின் தர்மத்தை நம்பியிருக்கக்கூடாது, சட்டத்தின் மேலும் வரியின் மேலும் நிற்க வேண்டும் என்பது அவருடைய திடமான அபிப்பிராயம். 1930-ல் காசியில் கூடிய ஆசியக் கல்வி மகாநாட்டுக்கு அவர் ஒரு மாதிரி மசோதாவைத் தயாரித்துக் கொண்டுபோனார். அந்நிய ஆட்சியில் அது பலிக்கவில்லை. தேசம் விடுதலை பெற்ற பின், 1948-ல், ஸ்ரீ அவிநாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாயிருந்தபோது சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இத்தகைய சட்டங்களுள் அதுவே முதலாவது. பதினெட்டு வருஷங்கள் ஒரே கோரிக்கையை விடாமல் பற்றி நின்ற ஒருவரின் பிடிவாதத்துக்குக் கிடைத்த வெற்றி அது. ராஜீய ஊழியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதற்குள் அவர் சென்னையை விட்டுப் போயிருந்தார். 1945 முதல் 1947 வரை காசி ஹிந்து சர்வகலாசாலையில் இருந்து, அங்கே ஏறக்குறைய லட்சம் புஸ்தகங்களைத் தாமே வகைப்படுத்தினார். பின்பு டில்லி சர்வகலாசாலை அவரை அழைத்துக்கொண்டு, 1948-ல் கௌரவ டாக்டர் பட்டமும் அளித்தது. 1955 முதல் இரண்டு வருஷம் ஸூரிச் நகரில் வசித்து எழுதினார்; பிறகு உஜ்ஜயினியில் போதித்தார். ஆயுளில் சேர்த்த பணத்தில் ஒரு லட்சம் ரூபாயைச் சென்னை சர்வகலாசாலையில் நூல் நிலைய சாஸ்திரப் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவுவதற்காக, தம் மனைவி சாரதா அம்மையார் பெயரைச் சேர்த்து வழங்கிவிட்டார். 1962-ல் பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் ஸ்தாபனத்தின் கீழ் ஓர் ஆராய்ச்சிப் பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். 1965-ல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராக்கப்பட்டார். கணித மேதை ராமானுஜனைப் பற்றி 1967-ல் ஒரு நூல் எழுதி, தம் பழைய சாஸ்திரத்துக்கும் கடன் தீர்த்தார். 1972 செப்டம்பர் 27-ல் பெங்களூரில் காலமானார்.

அவருடைய முறைக்குக் குறைகளும் உண்டு. எண்கள் நீண்டு போயின. பதிப்புக்குப் பதிப்பு அவர் விதிகளையும் குறிகளையும் மாற்றிக்கொண்டே வந்ததால், லட்சக்கணக்கான புஸ்தகங்களுக்கு எண் எழுதி முடித்தவர்கள் திகைத்தார்கள். ஆகையால் நம் தேசத்திலேயே பெரும்பாலான நூல் நிலையங்கள் டூயியின் பாகுபாட்டைத்தான் வைத்துக்கொண்டிருக்கின்றன. வெளிநாட்டார் வேறு விதமாக நடந்துகொண்டார்கள். அவருடைய எண்களை விட்டுவிட்டுத் தத்துவத்தை எடுத்துக்கொண்டார்கள். 1952-ல் லண்டனில் அமைந்த பாகுபாட்டு ஆராய்ச்சிக் குழுவினர் கூறுபடுத்தும் முறையையே தங்கள் அஸ்திவாரமாக்கினார்கள். இன்று இணையக் கடையில் சட்டை வாங்குகிறவன் அளவு, நிறம், துணி, விலை என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுக்கிறானே, அங்கே வேலை செய்வதும் இதே தத்துவந்தான். சட்டை விற்பதற்குப் பயன்படும் வித்தை, நம் பிள்ளைகளின் பாடத்துக்கு இன்னும் சரிவரப் பயன்படவில்லை.

அச்சிட்ட புஸ்தகம் ஏதேனும் ஒரு தட்டில்தான் இருக்க முடியும். அதனால்தான் கூறுகளின் வரிசையைப் பற்றி ரங்கநாதன் அவ்வளவு கவலைப்பட வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரில் அந்த நிர்ப்பந்தம் இல்லை; ஒரே பாடம் நெல் என்ற தட்டிலும், நோய் என்ற தட்டிலும், தஞ்சை என்ற தட்டிலும் ஏககாலத்தில் நிற்கலாம். ஆனால் பாடத்தைக் கூறுபடுத்தி, ஒவ்வொரு கூறுக்கும் எல்லோரும் ஒப்புக்கொண்ட பெயர் கொடுத்திருந்தால்தான் அது நடக்கும். இதற்கான ஏற்பாடுகள் உலகில் இருக்கின்றன. ஒரு பாடத்தின் மொழி, தரம், வயது, அதற்குப் பிடிக்கும் நேரம் முதலியவற்றை எப்படிக் குறிப்பது என்பதற்கு ஐ.இ.இ.இ. என்னும் பொறியியலாளர் சங்கம் 2002-ல் ஒரு தரம் விதித்தது. எந்த விஷயம் எதனினும் விரிந்தது, எது எதற்கு உறவு என்பதைக் கம்ப்யூட்டருக்கு விளங்கும்படி எழுதும் முறையை இணையத் தரங்களை வகுக்கும் சபை 2009-ல் வெளியிட்டது. 2018-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட தேசிய மின்னூலகம் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் இத்தகைய வகுப்பைக் கையாளுகிறது.

சுவரும் சித்திரமும் என்ற விதியை ரங்கநாதன் கூறுகளின் வரிசைக்குத்தான் வகுத்தார். பாடங்களின் வரிசைக்கும் அது பொருந்தும் என்பது நம் அபிப்பிராயம். பின்னம் தெரியாதவனிடம் வட்டிக் கணக்கைக் கொடுத்தால் அவன் தன்னை மூடன் என்று எண்ணிக்கொண்டு படிப்பையே விட்டுவிடுவான். எந்தப் பாடம் எதற்குச் சுவர், எது சித்திரம் என்று உபாத்தியாயர்கள் கூடி எழுதி வைத்துவிட்டால், வாத்தியார் இல்லாத ஊரில் தனியே படிக்கும் பிள்ளைக்கும் அடுத்த படி எது என்று தெரிந்துவிடும். யந்திரம் தானாக இதைச் செய்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். எழுதி வைத்ததைத் தேடித் தருவதில் யந்திரம் கெட்டிதான். ஆனால் தமிழ்ப் பிள்ளை எங்கே இடறுகிறான் என்பதை அறிந்தவர் தமிழ் உபாத்தியாயர். தீர்ப்புத் திரட்டுகள் எத்தனை இருந்தாலும், விஷயமறிந்தவர் தயாரித்த அட்டவணை இல்லாவிட்டால் கட்சிக்காரனுக்கு உதவா என்பதை வக்கீல்கள் அறிவார்கள்.

தமிழில் உள்ள பாடங்களையெல்லாம் கூறுபடுத்தி வகுக்கும் வேலையை நம் சர்வகலாசாலைகளும், பொது நூலகத் துறையும், உபாத்தியாயர் சங்கங்களும் சேர்ந்து மேற்கொள்ள வேண்டும். வகுத்த அட்டவணை எந்தக் கம்பெனிக்கும் சொந்தமாகாமல் ஜனங்களின் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். 1948-ம் வருஷச் சட்டத்தின்படி நூலக வரியை ஜனங்கள் இன்றும் சொத்து வரியோடு சேர்த்துச் செலுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். வரி கொடுக்கிறவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும், இன்ன காரியத்துக்குச் செலவிடு என்று வற்புறுத்தும் உரிமையும் உண்டு. ஊர்தோறும் கூட்டம் போடும் நம் ஊழியர்கள் அடுத்த கூட்டத்தில் உள்ளூர் நூலகத்தின் பெயரையும் தீர்மானத்தில் சேர்த்துக்கொள்வார்களாக. எந்த வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் என்று சீர்காழியில் படித்த அந்தக் கணித உபாத்தியாயர் வகுத்துச் சென்ற விதி, தமிழ்நாட்டுக் கடைசிக் கிராமத்துப் பிள்ளை விஷயத்திலும் நிறைவேறும் வரையில் நமக்கு ஓய்வில்லை.